வரையாடும் மலைப்புல்லும்

பொள்ளாச்சியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை, ஆழியாற்று அணையைக் கடந்ததும் ஆனைமலையின்மீது ஏறத் தொடங்குகிறது. வால்பாறையைச் சென்றடைவதற்குள் அச்சாலை 40 கொண்டையூசி வளைவுகளைக் கடக்கின்றது. ஒருபுறம் வானளாவிய பாறை. மறுபுறம் தலைசுற்றச் செய்யும் பள்ளம். ஒன்பதாம் வளைவை அடுத்த பாறைச் சரிவில், மனிதன் கால் வைக்கவும் அஞ்சும் இடத்தில், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறமுடைய விலங்குகள் சில அமைதியாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பயணிகள் காண்பதுண்டு. "மலையில் யாரோ ஆடு மேய்க்கிறார்கள் போலும்!" என்று கூறிக்கொண்டே கடந்து செல்வோரும் உளர். ஆனால், அவை ஒருவர் மேய்க்கும் ஆடுகள் அல்ல. ஒருவர் பட்டியிலும் அடைபடாதவை. அவையே வரையாடுகள்.

வரை என்பது மலை. மலையில் வாழும் ஆடு ஆதலின் வரையாடு எனப் பெயர் பெற்றது. நம் முன்னோர் இவ்விலங்கை நன்கு அறிந்திருந்தனர். ஐங்குறுநூறு முதலிய சங்க நூல்களில் 'வருடை' என்னும் பெயரால் குறிக்கப்படும் மலைவிலங்கு இதுவே என்பர். குறிஞ்சி நிலத்தைப் பாடிய புலவர்கள் யானையையும் புலியையும் மட்டும் பாடி அமையவில்லை. செங்குத்தான பாறையில் குட்டியுடன் தாவும் வருடையையும் கண்டு மகிழ்ந்து பாடினர். இன்று வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்னும் சிறப்பைப் பெற்று விளங்குகிறது.

இச்சிறப்பினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. உலகில் வரையாடு இயற்கையாக வாழும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஒன்றே. நீலகிரிக்கும் குமரி மாவட்டத்து மலைகளுக்கும் இடையில், தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் மலைமுடிகளில் மட்டுமே இது வாழ்கின்றது. இமயமலையில் இதனை ஒத்த தோற்றமுடைய விலங்கு ஒன்று உண்டு. எனினும் அது வேறு, இது வேறு. நம் மலைகளில் இவ்வினம் அழியுமாயின், உலகில் வேறெந்தக் காட்டிலிருந்தும் இதனை மீண்டும் கொணர்ந்து விட இயலாது. ஆதலால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் செம்பட்டியலில் அழியும் இடர்ப்பாட்டில் உள்ள விலங்குகளுள் ஒன்றாக இது குறிக்கப்பட்டுள்ளது.

ஓர் இனம் அழிவது எளிது, மீள்வது அரிது. இந்தியக் காடுகளில் ஒரு காலத்தில் சிவிங்கிப்புலி திரிந்தது. வேட்டையாலும் வாழிடம் குறைந்தமையாலும் அது மறைந்தது. அவ்வினம் நம் நாட்டில் அற்றுப்போயிற்று என 1952-இல் அறிவிக்கப்பட்டது. 70 ஆண்டுகள் கழித்து, 2022-இல், கடல் கடந்த நமீபியா நாட்டிலிருந்து சிவிங்கிப்புலிகள் கொணரப்பட்டன. ஆப்பிரிக்காவில் அவ்வினம் எஞ்சியிருந்தமையால் அம்முயற்சி கைகூடியது. வரையாட்டுக்கோ, நம் மலைகளைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

இனி, இவ்விலங்கின் இயல்புகளைச் சிறிது காண்போம். முழு வளர்ச்சியுற்ற ஆண் ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் இருக்கும். 100 கிலோகிராம் வரை எடை பெறும். பெண் அதனினும் சிறியது. இருபாலுக்கும் கொம்பு உண்டு. அது பின்னோக்கி வளைந்திருக்கும். முதிர்ந்த ஆணின் உடல் கருமை அடையும். முதுகில் மட்டும் சேணம் விரித்தாற்போல வெள்ளி நிறம் தோன்றும். பெயரில் ஆடு எனப்பட்டாலும், இது வெள்ளாட்டு இனத்தைச் சேர்ந்ததன்று. உயிரணுக்களில் அமைந்த மரபுக்கூறுகளை ஆராய்ந்த அறிவியலார், வரையாடு செம்மறியாட்டு இனத்திற்கே நெருங்கிய உறவுடையது என்று கண்டு, 2005-இல் இதனைத் தனிப் பேரினமாக வகுத்தனர்.

செங்குத்தான பாறையில் இது வழுக்காமல் நிற்பது எங்ஙனம்? விடை அதன் குளம்பில் இருக்கின்றது. குளம்பின் விளிம்பு கடினமானது. பாறையின் சிறு பிளவையும் அது பற்றிக்கொள்ளும். அதன் உட்பகுதியோ மென்மையானது. வழுவழுப்பான பாறையின்மேல் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். இரு பிளவாக உள்ள குளம்பு, வேண்டும்போது விரிந்தும் குவிந்தும் பாறைக்கு ஏற்ப இயங்கும். இத்தகைய கால்களைப் பெற்றமையால், கீழே பார்த்தாலே நமக்கு மயக்கம் வரும் இடத்தில் வரையாடு கன்றுடன் படுத்து அசைபோடுகின்றது.

இக்கால்கள் வெறும் விளையாட்டிற்காக அமைந்தவை அல்ல. புலியும் சிறுத்தையும் செந்நாய்க் கூட்டமும் வரையாட்டின் பகைகள். சமவெளியில் ஓடி அவற்றை வெல்லும் வேகம் இதற்கு இல்லை. கொம்பினால் குத்திப் புலியை விரட்டும் வலிமையும் இல்லை. ஆகவே, இயற்கை இதற்கு இரு படைக்கலங்களை அளித்தது: ஒன்று, தொலைவில் அசையும் பொருளையும் காணும் கூரிய கண்; மற்றொன்று, பாறையில் பாயும் கால். நண்பகலில் மந்தை ஓய்வு கொள்ளும்போதும் ஓர் ஆடு தலை நிமிர்த்தி நாற்புறமும் நோக்கிக் காவல் இருக்கும். பகை வருவதைக் கண்டவுடன் அது ஒலி எழுப்பும். மறுகணம் மந்தை முழுதும் செங்குத்துப் பாறையில் இறங்கி மறையும். அங்குச் செந்நாயும் தொடர்ந்து செல்ல இயலாது.

இதனால் வரையாட்டின் வாழ்க்கைக்கு இரண்டு இன்றியமையாதன என்பது விளங்கும். உண்பதற்குப் புல் வேண்டும். ஒளிவதற்குப் பாறை வேண்டும். புல் அதன் உணவு. பாறை அதன் கோட்டை. புல்வெளி இருந்து பாறை இல்லாவிடின் அது பகைக்கு இரையாகும். பாறை இருந்து புல் இல்லாவிடின் பட்டினியால் மடியும். இவ்விரண்டும் அருகருகே அமைந்த இடம் நம் மலைகளின் உச்சிப் பகுதியே ஆகும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் முதல் 2,600 மீட்டர் வரை உயர்ந்த இடங்களில் வரையாடு வாழ்கின்றது.

அவ்வுச்சிப் பகுதி எத்தகையது? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து மேலேறிச் செல்வோர், முதலில் உலர்ந்த புதர்க்காட்டையும், பின்னர் உயர்ந்த மரங்கள் செறிந்த அடர்ந்த காட்டையும் காண்பர். இன்னும் மேலே செல்லச் செல்ல மரங்கள் மேலும் செறியும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், உச்சியை அணுகியதும் காட்சி மாறுகின்றது. அலையலையாகப் புல் போர்த்த குன்றுகள் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விரிகின்றன. குன்றுகளுக்கு இடையே அமைந்த மடிப்புகளில் மட்டும், குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சிறுசிறு காடுகள் தோன்றுகின்றன. இக்காடுகளைச் சோலை என்று மலைவாழ் மக்கள் அழைத்தனர். தமிழில் வழங்கிய அச்சொல்லையே உலகெங்கும் உள்ள தாவர நூலாரும் எடுத்தாள்கின்றனர்.

சரிவில் புல்லும் மடிப்பில் சோலையும் அமைந்தது ஏன்? குளிர்காலத்து இரவுகளில் அம்மலைகளில் உறைபனி படியும். திறந்த வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்று அவ்வுறைபனியைத் தாங்காது கருகிவிடும். புல்லோ நுனி கருகினும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஓயாது வீசும் கடுங்காற்றும் திறந்த சரிவில் மரம் ஓங்கி வளர்வதைத் தடுக்கும். மடிப்பிலோ காற்றின் வேகம் குறைவு, ஈரம் மிகுதி, ஆதலின் அங்கு மரம் வாழும். இஃது இன்று நேற்று ஏற்பட்ட அமைப்பன்று. நீலகிரியின் சதுப்பு நிலத்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்ந்த அறிவியலார், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்குப் புல்வெளி இருந்தது எனக் கண்டுள்ளனர். காட்டை மனிதன் வெட்டியதால் தோன்றிய வெற்றிடம் அன்று அப்புல்வெளி. அதுவே அம்மலையின் இயற்கையான ஆடை.

அப்புல்வெளியை நம்பி வாழும் உயிர்கள் பல. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மலையையே நீலமாக்கும் குறிஞ்சிச் செடி அங்குதான் வளர்கின்றது. மூணாற்றுப் பக்கத்து மலைகளில் அது 2006-இலும் 2018-இலும் பூத்தது. செந்நிறப் பூக்களைத் தாங்கும் காட்டுப் பூவரசும் அப்புல்லிடையே தனித்து நிற்கும். நீலகிரியில் தோதவர் தம் எருமைகளை அங்கு மேய்த்தனர். அப்புல்லைக் கொண்டே தம் குடில்களை வேய்ந்தனர். அவர்கள் புல்வெளியைப் பாழ்நிலம் என்று ஒருபோதும் கருதியதில்லை.

அங்ஙனம் கருதியவர்கள் பின்னர் வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைமீது ஏறிக் குடியிருக்கத் தொடங்கினர். அவர்கள் கண்ணுக்குச் சோலை விறகாகத் தோன்றியது. புல்வெளி பயனற்ற தரிசாகத் தோன்றியது. வரி தராத நிலம், விளைவு தராத நிலம் என்று அவர்கள் அதனை எண்ணினர். சரிவுகள் பலவற்றில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. குளிர்காய விறகு வேண்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகைமரமும் கொணர்ந்து நடப்பட்டன. விரைந்து வளரும் அம்மரங்களைக் கண்டு அனைவரும் மகிழ்ந்தனர்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை. தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டை வேண்டியிருந்தது. செயற்கை இழை செய்யும் ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. ஆகவே, பல்லாயிரம் ஏக்கர்ப் புல்வெளியில் சீகையும் தைலமரமும் ஊசியிலை மரமும் வரிசை வரிசையாக நடப்பட்டன. மின்னாற்றல் பெறும்பொருட்டு எழுப்பப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்களும் சில புல்வெளிகளை மூழ்கடித்தன. இவற்றைச் செய்தோர் தீய நோக்கம் உடையவர் அல்லர். மக்களுக்கு வேலை வேண்டும், விளக்கு வேண்டும், தொழில் வளர வேண்டும் என்றே அவர்கள் செய்தனர். மரம் நடுதல் நற்செயல் அன்றோ? வெற்றுப் புல் இருந்த இடத்தில் மரம் வளர்வது நாட்டிற்கு நலம் அன்றோ? இவ்வாறே அன்று பலரும் நினைத்தனர்.

இங்குத்தான் நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய உண்மை ஒன்று உள்ளது. வறண்ட ஊரில் சாலையோரம் நிழல்மரம் நடுபவன் நாட்டிற்கு நன்மை செய்கின்றான். அதே மனிதன் மலையுச்சிப் புல்வெளியில் சீகைமரம் நடுவானாயின், தன்னையறியாமலே கேடு செய்கின்றான். பச்சையாகத் தோன்றுவன யாவும் ஒன்றல்ல. எந்த இடத்தில் எது இயற்கையாக வாழ்ந்ததோ, அந்த இடத்திற்கு அதுவே உரியது. நெல்வயலில் முளைத்த நல்ல மரக்கன்றும் களையாவது போல, புல்வெளியில் வளர்ந்த சீகையும் களையே ஆயிற்று.

அக்களை தானே பரவவும் செய்தது. சீகையின் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். தீப்பட்டால் அழிவதற்கு மாறாக விழித்து முளைக்கும். வெட்டிய இடத்தில் நூறு கன்றுகள் தோன்றும். ஆகவே, புதிதாக நடுவதை நிறுத்திய பின்னரும் அது புல்வெளியை விழுங்கிக்கொண்டே சென்றது. பழனிமலையின் மேற்பகுதியில் இருந்த புல்வெளியுள் பெரும்பகுதி சென்ற சில பத்தாண்டுகளில் மறைந்துவிட்டது.

இதனால் வரையாட்டிற்கு நேர்ந்தது யாது? முதலாவது, உணவு போயிற்று. சீகையின் நிழலில் அது விரும்பும் புல் வளர்வதில்லை. இரண்டாவது, காவல் போயிற்று. திறந்த வெளியில் தொலைவிலேயே பகையைக் காணும் கண், மரங்கள் மறைத்தபோது பயனற்றதாயிற்று. சிறுத்தை மரமறைவில் பதுங்கி மிக அருகே வந்துவிடுகின்றது. மூன்றாவது, வழி போயிற்று. முன்னர் மந்தைகள் ஒரு முடியிலிருந்து மற்றொரு முடிக்குப் புல்வெளி வழியே சென்று கலந்தன. இன்று இடையில் தோட்டமும் சாலையும் நீர்த்தேக்கமும் அடர்ந்த வேற்று மரக்காடும் நிற்கின்றன. கடலிடையே தீவுகள் தனித்து நிற்பதுபோல, ஒவ்வொரு மலைமுடியும் ஒரு தீவாயிற்று. ஒரு தீவில் 20 அல்லது 30 ஆடுகளே எஞ்சியிருந்தால், ஒரு கொடிய நோயோ காட்டுத்தீயோ அம்மந்தையை ஒரே பருவத்தில் அழித்துவிடக் கூடும். அடுத்த மலையிலிருந்து வேறு ஆடுகள் வந்து அவ்விடத்தை நிரப்ப வழியில்லை. இவ்வாறு சில மலைகளில் வரையாடு முற்றிலும் மறைந்துவிட்டது.

வேட்டையும் பெருங்கேடு விளைத்தது. கொம்பிற்காகவும் இறைச்சிக்காகவும் பொழுதுபோக்கிற்காகவும் வரையாடுகள் சுடப்பட்டன. அவை அருகி வருவதைக் கண்டு, நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1879-இலேயே இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1972-இல் நிறைவேறிய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. சட்டம் துப்பாக்கியைத் தடுத்தது. ஆயினும், துப்பாக்கியினும் அமைதியாக அழிவு செய்யும் மரக்கன்றை அச்சட்டம் ஒன்றே தடுக்க இயலவில்லை. வாழிடம் காக்கப்படாவிடின், விலங்கு மட்டும் தனியே வாழாது.

வாழிடம் காக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு எரவிகுளம் சிறந்த சான்றாகும். கேரளத்து மூணாற்றுக்கு அருகே, இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் மிக உயர்ந்ததாகிய ஆனைமுடி (2,695 மீட்டர்) நிற்கும் மலைப்பரப்பு அது. தேயிலைத் தோட்டத்தார் அப்பரப்பைப் பயிரிடாது தம் வேட்டைக்களமாக ஒதுக்கி வைத்திருந்தனர். முதுவர் என்னும் மலைவாழ் மக்கள் அங்குக் காவலர்களாக இருந்தனர். 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி அந்நிலத்தை மேற்கொண்டது. 1975-இல் அது சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 97 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அப்புல்வெளியில் இன்று 800-க்கும் மேற்பட்ட வரையாடுகள் வாழ்கின்றன. குட்டி ஈனும் பருவத்தில் பூங்கா பயணிகளுக்கு மூடப்படுகின்றது. அங்குள்ள வரையாடுகள் மனிதரைக் கண்டு அஞ்சி ஓடுவதில்லை; தம் வழியில் மேய்ந்து செல்கின்றன. புல் எஞ்சிய இடத்தில் ஆடும் எஞ்சியது.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் நடைபெற்றன. ஈ. ஆர். சி. தாவீதார் என்பவர் தொழிலால் வழக்கறிஞர். உள்ளத்தால் காட்டுயிர் அன்பர். அவர் மலைமுடிகளில் நடந்து திரிந்து, வரையாடுகள் எங்கெங்கு வாழ்கின்றன என்பதை ஆராய்ந்து எழுதினார். எத்தனை உள்ளன, எங்கே உள்ளன என்று அறியாமல் ஒன்றையும் காக்க இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நீலகிரியின் மேற்கு விளிம்பில் வரையாட்டிற்கென முக்குறுத்திச் சரணாலயம் 1982-இல் அமைந்தது. அது 1990-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2022-இல் தமிழ்நாடு அரசு வரையாட்டைக் காப்பதற்கெனத் தனித்திட்டம் ஒன்றை அறிவித்து, 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. தாவீதாரின் நினைவைப் போற்றும்வகையில் அக்டோபர் 7-ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மலையில் திரியும் விலங்கை எண்ணுவது எளிய செயல் அன்று. மூடுபனி இறங்கினால் பத்தடித் தொலைவில் நிற்பதும் தெரியாது. ஆகவே, மலைப்பரப்பைப் பல பகுதிகளாக வகுத்து, பல குழுவினர் ஒரே நாள்களில் ஏறி எண்ணுகின்றனர். ஒரே மந்தை இருமுறை எண்ணப்படாதிருக்கவே அங்ஙனம் செய்கின்றனர். வனக்காவலரும் மலைவாழ் மக்களும் உணவும் கூடாரமும் சுமந்து சென்று இப்பணியைச் செய்கின்றனர். 2025 ஏப்ரல் திங்களில் இரு மாநிலங்களும் ஒருங்கே எண்ணியபோது, தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக 2,668 வரையாடுகள் இருப்பதாகத் தெரியவந்தது. முந்தைய ஆண்டில் தமிழ்நாட்டுக் கணக்கு 1,031 ஆக இருந்தது. இது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும், நன்றாக எண்ணிப் பாருங்கள்: ஒரு சிற்றூரின் மக்கள் தொகை எவ்வளவோ, உலகில் உள்ள வரையாடுகளின் முழுத் தொகையும் அவ்வளவே!

எண்ணுவதோடு பணி முடிந்துவிடவில்லை. இழந்த புல்வெளியை மீட்பதே மிக அரிய பணி. மேல்பவானி போன்ற இடங்களில், வேற்று மரங்களை நீக்கி மலைக்குரிய புல்லை மீண்டும் வளர்க்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டுள்ளது. புல்லின் நாற்றைத் தனியே வளர்த்து, மலைச்சரிவில் நடவேண்டும். மண்ணில் உறங்கும் சீகை விதைகள் முளைக்க முளைக்க, ஆண்டுதோறும் களையவேண்டும். ஒரே நாளில் நட்டுவிட்ட மரத்தை நீக்கிப் புல்லை மீட்க ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருக்கின்றது. செய்வதற்கு முன் எண்ணுதல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுவது யாது?

இக்காலத்தில் மற்றோர் இடரும் சூழ்ந்து வருகின்றது. உலகின் வெப்பம் படிப்படியாக மிகுகின்றது. கீழே வெப்பம் மிகுந்தால், தாழ்ந்த மலைகளில் வாழும் உயிர்கள் குளிர்ச்சியை நாடி மேலே ஏறலாம். முன்பே உச்சியில் வாழும் உயிர் எங்கே ஏறும்? அதற்குமேல் வானம் தவிர வேறில்லை. ஆகவே, எஞ்சியுள்ள புல்வெளி ஒவ்வொன்றும் முன்னினும் அருமை உடையதாயிற்று.

"எங்கோ மலையுச்சியில் வாழும் ஆட்டிற்காக நாம் ஏன் இத்துணைக் கவலை கொள்ள வேண்டும்?" என்று சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை நம் ஆறுகளில் ஓடுகின்றது. பருவமழை மலைமீது கொட்டும்போது, செறிந்த புல்லின் வேர்களும் அதன் கீழுள்ள மண்ணும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. மழை நின்ற பின்னரும் அந்நீர் சிறிது சிறிதாகக் கசிந்து சோலையை அடைகின்றது. சோலையிலிருந்து ஓடையாகி இறங்குகின்றது. கோடையிலும் மலையாறு வற்றாது ஓடுவதன் மறைபொருள் இதுவே. புல்வெளியை மூடி நிற்கும் தைலமரமும் சீகையும் மிகுந்த நீரைத் தாமே பருகிவிடுகின்றன.

வரையாடு வாழும் மலைகளை எண்ணிப் பாருங்கள். நீலகிரியில் பவானி பிறக்கின்றது. ஆனைமலையில் ஆழியாறு பிறக்கின்றது. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து அமராவதி இறங்குகின்றது. மேகமலையும் வருசநாட்டு மலையும் சூழ்ந்த பகுதி வைகையின் தாயகம். பொதிகையில் பொருநை எனப்படும் தாமிரபரணி தோன்றுகின்றது. வரையாட்டின் இருப்பிடங்களை வரிசையாகக் கூறுபவன், நம் ஆறுகளின் பிறப்பிடங்களையே வரிசையாகக் கூறியவன் ஆகின்றான்! ஆட்டிற்குப் புல் தரும் மலையே மதுரையின் வயலுக்கும் நெல்லையின் குடத்திற்கும் நீர் தருகின்றது. நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் ஒருங்கே நாட்டின் அரணாக எண்ணிய வள்ளுவர் பெருமானின் அறிவுத்திறம் இங்கு நினைந்து போற்றத்தக்கது.

ஆதலின், வரையாட்டைக் காத்தல் என்பது ஒரு விலங்கிற்கு இரங்கும் செயல் மட்டும் அன்று. மலையின் நலத்தை அறியும் அளவுகோலைக் காப்பதும் ஆகும். வரையாடு செழித்து வாழும் முடியில் புல் நலமாக இருக்கின்றது. புல் நலமாக இருக்கும் இடத்தில் ஊற்றும் நலமாக இருக்கின்றது. ஆடு மறைந்த மலையில் புல் மறைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். புல் மறைந்த மலையில் ஓடை வற்றுகின்றதா என்று பார்க்கவேண்டும்.

மாணவர்களாகிய நாம் செய்யத்தக்கன சில உள. மலைச்சாலையில் வரையாட்டைக் காணின், தின்பண்டம் நீட்டி அதனை அருகே அழைத்தல் ஆகாது. உப்புச் சுவையில் பழகிய விலங்கு பாறையை விட்டுச் சாலைக்கு வரும். ஊர்தியில் அடிபட்டு மடியும். நெகிழித் தாள்களையும் உறைகளையும் மலையில் எறிதல் ஆகாது. உரத்த ஒலி எழுப்பிக் குட்டிகளை அச்சுறுத்தல் ஆகாது. இவற்றினும் மேலாக, பயனற்றது என்று ஒன்றைத் தள்ளுவதற்கு முன், யாருக்குப் பயனற்றது என்று வினவப் பழகவேண்டும். மலையுச்சிப் புல்லைப் பாழ்நிலம் என்று நம் முந்தைய தலைமுறையினர் சிலர் பிழையாகக் கருதினர். அப்பிழையின் விலையை வரையாடு முதலில் கொடுத்தது, நாமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தமுறை வால்பாறைச் சாலையில் செல்லும்போது, ஒன்பதாம் வளைவில் சற்றே நின்று பாறையை நோக்குங்கள். குட்டியை அணைத்து நிற்கும் தாயாடு ஒன்று உங்களை அமைதியாக நோக்கக்கூடும். சங்கப் புலவர் கண்ட வருடையின் வழிவந்தது அது. அதன் காலடியில் உள்ளது வெறும் புல் என்று எண்ணாதீர்கள். நீங்கள் ஏறிவந்த வழியில், கீழே ஆழியாற்று அணையில் பளபளத்த நீர் அம்மலையிலிருந்தே இறங்கி வந்தது.